இறங்காத எண்

கோர்டெல் ஹாஸ்கின்ஸ் சண்டைக்காரன் இல்லை. ஒன்பது வருஷம் பேஸ்பால் ஆடிப் பிழைத்தவன். அத்தனை வருஷத்தில் நடுவரிடம் வாய் கொடுத்து ஒரு தடவைகூட மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டதில்லை. பந்தெறிகிற எதிரணிப் பிட்சர் வேண்டுமென்றே விலாவைப் பார்த்து எறிந்தபோதுகூட, தடவிவிட்டுக்கொண்டு, அடிபட்டவனுக்கு விதிப்படி கிடைக்கும் முதல் பேஸுக்குப் பேசாமல் நடந்தவன். ஆனால் அவன் காதுபட யாராவது "லக்கி" என்று சொல்லிவிட்டால் போதும், கையிலிருக்கும் கரண்டி பாதி வழியில் நின்றுவிடும். தாடை இறுகும். சொன்னவர் சிரித்து மழுப்பி, பேச்சை மழைக்கோ மீனுக்கோ திருப்பும் வரைக்கும் அந்தக் கரண்டி வாய்க்குப் போகாது.

அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு எண் இருந்தது.

ஆர்கன்சாவின் கிழக்கு ஓரத்தில், நெல் வயலும் சோயா வயலும் தவிர வேறொன்றும் இல்லாத டன்லீ என்ற சிற்றூரில் அவன் வளர்ந்தான். பிறவியிலேயே இடதுகைக்காரன். இடதுகைக்காரன் மட்டையை வீசினால் பந்து வலப்பக்கம் பறக்கத்தான் பார்க்கும். அவன் வீட்டுக்கு வலப்பக்கமோ வயல் தண்ணீர் வடிகிற கால்வாய் ஓடியது. அதில் விழுந்த பந்தை எடுக்கக் கை விட்டால் விஷப்பாம்பு கவ்வும். இருந்தது ஒரே பந்து. ஆகவே அவன் இடப்பக்கமாக அடிக்கக் கற்றுக்கொண்டான். அங்கே எரிவாயுத் தொட்டிக்கும் பம்ப் கொட்டகைக்கும் நடுவே ஒரு கார் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. தொட்டியில் பட்டால் அப்பா திட்டுவார், கொட்டகையில் பட்டால் அம்மா திட்டுவாள். ஏழு வயதிலிருந்து பதினேழு வயதுவரை அந்த இடைவெளியில் பந்தைச் செலுத்துவதே அவன் வேலை. ஒல்லி உடம்பு. பந்தை வேலிக்கு வெளியே பறக்கவிடும் பலம் கிடையாது. ஆனால் ஓடுவான். மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டு நாம் தலையைத் திருப்புவதற்குள் பாதித் தூரம் போயிருப்பான்.

இருபத்தொரு வயதில் ஒரு பெரிய அணி அவனை எடுத்துக்கொண்டு, புதிதாக வருகிறவர்களை அனுப்புகிற மாதிரி அவனையும் தன் கீழ்மட்ட அணி ஒன்றுக்கு அனுப்பியது. இரண்டாயிரத்து நாலாம் வருஷம் அது. வந்த முதல் கோடையிலேயே அவன் அணியில் அதிக ஹிட் அடித்தான். பந்தை அடித்துவிட்டு, அது வந்து சேர்வதற்குள் ஓடிப்போய் முதல் பேஸை மிதித்துவிட்டால் அது ஒரு ஹிட். சீசன் முடிந்ததும் பெரிய அணியின் அலுவலகத்திலிருந்து ப்ரெஸ்டன் விட்லோ என்பவன் வந்து ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினான். கோர்டெலைவிட ஒரு வயது சின்னவன். பெரிய கல்லூரியில் புள்ளியியல் படித்தவன். கையில் எப்போதும் ஒரு கட்டு காகிதம். மரியாதையாகப் பேசுவான், அதில் குறை சொல்ல முடியாது.

"அருமையான சீசன், கோர்டெல். ஆனா ஒண்ணு சொல்லியாகணும். இந்த நம்பர் நிக்காது."

"எந்த நம்பருங்க?"

ப்ரெஸ்டன் காகிதத்தைத் திருப்பிக் காட்டினான். மட்டையில் பந்து படாமலே ஸ்ட்ரைக் அவுட் ஆனதைத் தள்ளு, வேலி தாண்டிய ஹோம் ரன்னைத் தள்ளு. மிச்சம் இருப்பது மட்டையில் பட்டுக் களத்துக்குள் வந்த பந்துகள். அவற்றில் எத்தனை ஹிட் ஆயின என்பதுதான் அந்தக் கணக்கு. ஆயிரம் பந்து அப்படி வந்தால், யாராக இருந்தாலும், சுமார் முந்நூறு ஹிட் ஆகும். மற்றதெல்லாம் நேராக யாராவது ஒருவன் கையில் போய் விழும். கோர்டெலின் பெயருக்கு எதிரே முந்நூற்றுத் தொண்ணூறு என்றிருந்தது.

"மட்டையில பட்டப்புறம் பந்து எங்க போகுதுங்கறது உங்க கையில இல்லை. பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். அடுத்த வருஷம் இறங்கிடும். மனசைத் தயார் பண்ணிக்கோங்கன்னு சொல்ல வந்தேன், அவ்வளவுதான்."

படித்தவன் சொல்கிறான், இருக்கும் என்று கோர்டெல் நினைத்துக்கொண்டான். எரிவாயுத் தொட்டியைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சிரித்துவிடுவானோ என்று விட்டுவிட்டான்.

அடுத்த வருஷம் முந்நூற்று எழுபத்தாறு. "இறங்கும்" என்றான் ப்ரெஸ்டன். அதற்கடுத்த வருஷம் முந்நூற்று எண்பத்திரண்டு. "எனக்கே ஆச்சரியமா இருக்கு. ஆனா இறங்கும்." இந்தப் பேச்சு யார் மூலமாகவோ அணியின் பஸ்ஸுக்குள் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து கோர்டெல் என்ற பெயரே போய், அவன் "லக்கி" ஆனான். அவனுடைய லாக்கரில் யாரோ பச்சைக் காகிதத்தில், அதிர்ஷ்டத்துக்கு அடையாளமான நாலிலைக் குளோவர் ஒன்று வெட்டி ஒட்டினார்கள். கிழித்துப் போட்டான். மறுநாள் இரண்டு இருந்தன. பஸ்ஸில் சீட்டாட்டம் நடந்தால், "லக்கியைச் சேத்துக்காதீங்கடா, மொத்தத்தையும் வழிச்சிட்டுப் போயிடுவான்" என்பார்கள். எதிரணி கேட்சர், மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தியபடி முகமூடிக்குள்ளிருந்து சீண்டுவான்.

"வாப்பா வா, லக்கி. இன்னிக்கு எந்தக் கல்லுல பட்டு எங்க தெறிக்கப் போகுது?"

"மூணாவது பேஸ்காரன் ரெண்டடி உள்ள நிக்கிறான். அவன் தலைக்கு மேல" என்று ஒருநாள் கோர்டெல் சொல்லிவிட்டே அடித்தான். பந்து மூன்றாம் பேஸ்காரனின் தலைக்கு மேலே எழும்பிக் கோட்டுக்குள் விழுந்தது. அவன் இரண்டாம் பேஸில் போய் நின்று திரும்பிப் பார்த்தால், கேட்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். "பாத்தீங்களாடா? சொல்லி வெச்சாக்கூட அதிர்ஷ்டம் வருது இவனுக்கு!"

அப்படிப்பட்ட உலகத்தில் என்ன செய்வது?

நாலாவது வருஷம் அவனை நெப்ராஸ்காவுக்கு அனுப்பினார்கள். பெரிய அணிக்கு நேர் கீழே உள்ள அணி அது. அங்கேயிருந்து ஒரு படிதான். அந்த அணியின் மேனேஜர் கில் ஆம்ஸ்லர். எல்லாருக்கும் "ஸ்கிப்". சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டே பேசுகிறவர். அவர் மட்டும் கோர்டெலை லக்கி என்று கூப்பிட்டதில்லை.

அங்கேதான் ப்ராண்ட் கெஸ்லரும் வந்து சேர்ந்தான். கலிபோர்னியாக்காரன். மலைமாதிரி தோள். புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றிலேயே பெரும் பணம் கொடுத்து எடுத்த பையன். ஒரு நல்ல அடி விழுந்தால் பந்து வாகன நிறுத்தத்தில்தான் இறங்கும். ஆனால் அந்த நல்ல அடி எப்போதோ ஒருமுறைதான் விழும். அந்த வருஷம் அவனுடைய எண் இருநூற்று நாற்பது. கோர்டெலுடையது முந்நூற்று எழுபது. சீசன் முடிந்து இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினான் ப்ரெஸ்டன்.

"ப்ராண்ட், கவலையே படாதீங்க. இது வெறும் துரதிர்ஷ்டம். ஏறிடும். கோர்டெல், உங்களுக்குத் தெரியும் நான் என்ன சொல்லப் போறேன்னு."

தெரியும். அன்றைக்குத்தான் கோர்டெலுக்குள் முதல்முதலாகத் தீப்பிடித்தது. ஒருவன் கெட்டதாகச் செய்தால் அது அவன் குற்றமில்லையாம். இன்னொருவன் நல்லதாகச் செய்தால் அது அவன் திறமையில்லையாம். இதென்ன தராசு? ஒரு தட்டில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே எடை போடுகிற தராசு. இத்தனைக்கும் கெஸ்லர் நல்ல பையன்தான். வெளியே வந்ததும், "எனக்கே வெக்கமா இருக்கு கோர்டெல்" என்றான். வெட்கப்பட்டானே ஒழிய, மறு ஏப்ரலில் மேலே கூப்பிட்டபோது வேண்டாம் என்றா சொல்லப்போகிறான்? போனான்.

இதைவிட மோசமான ஒன்று அதற்கு முந்தின குளிர்காலத்தில் நடந்திருந்தது. எப்படியும் இந்த எண் இறங்கத்தான் போகிறது என்ற பயத்தை அவர்கள் வருஷா வருஷம் ஊட்டி ஊட்டியதில், கோர்டெல் அதைத் தானே நம்பத் தொடங்கியிருந்தான். இறங்குவதற்குள் ஹோம் ரன் அடிக்கப் பழகிவிட வேண்டும் என்று வீச்சையே மாற்றினான். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். சீசன் தொடங்கி இரண்டு மாதம் எங்கே அடித்தாலும் பந்து யாராவது கையில் போய் உட்கார்ந்தது. "சொன்னோமில்ல, இறங்குதுன்னு" என்று பேசிக்கொண்டார்கள். ஜூன் மாதம் ஸ்கிப் அவனை ஓரமாக இழுத்தார்.

"ஏம்பா, இந்தக் கோடாலி வீச்சை எவன் சொல்லிக்கொடுத்தான்?"

"நானேதான் ஸ்கிப்."

"அப்ப நீயே நிறுத்து. பழைய மாதிரி அடி. கணக்குப் புஸ்தகத்துக்குக் காலா இருக்கு, ஓடி வந்து பந்தைப் பிடிக்க?"

பழைய மாதிரி அடித்தான். எண் பழைய இடத்துக்கே ஏறி வந்து நின்றது. அதற்கும் லக்கி என்றார்கள்.

ரெனிட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோர்டெலின் மனைவி, டன்லீக்காரி. பக்கத்து ஊர் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுவதும் நுண்ணோக்கியில் செல்களை எண்ணுகிறவள். கோபத்தை அடக்கத் தெரிந்தவள், கணக்கை விடத் தெரியாதவள். ஆறாவது வருஷம் முடிந்து அவன் வீட்டுக்கு வந்திருந்தபோது, இரவுச் சாப்பாட்டில் அந்தப் பேச்சு வந்தது.

"மொத்தம் எத்தனை பந்து?"

"எதுல?"

"நீ இந்த ஆறு வருஷமா உள்ள அடிச்ச பந்து. ஹோம் ரன்னைத் தள்ளி."

அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் அவளே கணினியில் உட்கார்ந்து ஒவ்வொரு வருஷமாக எடுத்து எழுதினாள். இரண்டாயிரத்து நூற்று எண்பத்துநான்கு பந்து. அதில் ஹிட் ஆனது எண்ணூற்றுப் பத்து. ஆயிரத்துக்கு முந்நூற்று எழுபத்தொன்று. எல்லோருக்கும் வருகிற மாதிரி முந்நூறு என்று வந்திருந்தால் அறுநூற்று ஐம்பத்தைந்துதான் ஹிட் ஆகியிருக்கும். நூற்று ஐம்பத்தைந்து ஹிட் அதிகம். அவள் பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் காகிதத்தையே பார்த்தாள்.

"இவங்க உன்னை முட்டாள்னு நெனச்சிருக்காங்க" என்றாள்.

"என்ன ஆச்சு?"

"பத்து செல்லைப் பாத்துட்டு ஒருத்தனுக்கு வியாதின்னு எழுதினா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. அது தற்செயலா இருக்கலாம். ஆனா ரெண்டாயிரம் செல்லை எண்ணினப்புறமும் 'தற்செயல், தற்செயல்'னு சொன்னாலும் தூக்கிடுவாங்க. இது அதிர்ஷ்டத்துல வரணும்னா கோடியில ஒரு வாய்ப்புகூடக் கிடையாது. நான் மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன்."

அந்தக் காகிதத்தை நாலாக மடித்து, மார்ச் மாதம் பயிற்சிக்கு அரிசோனா போனபோது கோர்டெல் கூடவே எடுத்துப் போனான். போன இரண்டாம் நாள் ப்ரெஸ்டனின் அறைக் கதவைத் தட்டினான். ப்ரெஸ்டன் இப்போது பெரிய பதவியில் இருந்தான். அறையில் ஜன்னல் இருந்தது.

"உக்காருங்க கோர்டெல். வீட்ல சௌக்கியமா?"

"சௌக்கியம். இதைக் கொஞ்சம் பாருங்க."

ப்ரெஸ்டன் காகிதத்தைப் பிரித்து ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "யார் போட்டது?"

"என் பொண்டாட்டி."

"சரியாப் போட்டிருக்காங்க."

மறுத்துப் பேசுவான், எதிர்க் கணக்குக் காட்டுவான் என்று தயாராகப் போயிருந்த கோர்டெல், "சரியா?" என்றான்.

"நாங்களும் இதையேதான் போட்டோம். உங்க மூணாவது வருஷம் முடிஞ்சதுமே. முதல் ரெண்டு வருஷம் நிஜமாவே அதிர்ஷ்டம்னுதான் நெனச்சோம். அப்புறம் நெனைக்கலை. நீங்க ஆளில்லாத இடமாப் பாத்து அடிக்கிறீங்க, ஓடுறீங்க. இந்த ஆபீஸ்ல யாருக்கும் அதுல சந்தேகம் கிடையாது."

"அப்போ போன வருஷம்? அதுக்கு முந்தின வருஷம்? இறங்கும் இறங்கும்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"ஏன்?"

ப்ரெஸ்டன் காகிதத்தைப் பழையபடி மடித்தான். மடிப்பு பிசகாமல் மடித்தான். "உங்களுக்கு ஹோம் ரன் வராது. கெஸ்லருக்காக இவ்வளவு செலவழிச்சாச்சு, அவனுக்குத்தான் இடம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. அதை நேராச் சொன்னா நீங்க மனசு விட்டுருவீங்க. நெப்ராஸ்காவுக்கு நீங்க வேணும். அதனால... இறங்கும்னு சொல்றது எல்லாருக்கும் சுலபமா இருந்தது."

வெளியே பயிற்சி மைதானத்தில் மட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கோர்டெல் எழுந்து நின்றான்.

"இடம் இல்லைன்னு சொல்லியிருந்தா, சரி போடான்னு வேற இடம் தேடியிருப்பேன். நீங்க என் கையை நானே நம்பாம பண்ணிட்டீங்க. வீச்சை மாத்தினேன், மணிக்கட்டு வீங்கிச்சு, ரெண்டு மாசம் நாசமாப் போச்சு. அப்பவும் உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தீங்க."

"வருத்தமா இருக்கு, கோர்டெல்."

"என்னை விட்டுருங்க. வேற அணி பாத்துக்கறேன்."

"ஒப்பந்தம் இந்த சீசன் கடைசிவரைக்கும் இருக்கு. என் கையில இல்லை."

"உங்க கையில எதுவுமே இருக்காது" என்று சொல்லிக் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தான். ரெனிட்டாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னபோது அவள் ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். தேவாலயத்தில் பாடுகிற பெண் அவள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவன் அதற்குமுன் கேட்டதில்லை.

அந்தக் கோடை முழுவதும் அவன் வெறியோடு ஆடினான். லக்கி என்று கூப்பிட்டவனுக்குத் திரும்பிப் பதில் சொல்லத் தொடங்கினான். "ரெண்டாயிரத்து நூற்று எண்பத்துநாலு பந்து" என்பான். கேட்டவனுக்கு ஒன்றும் புரியாது. புரியாவிட்டால் போகிறது என்று மறுநாளும் அதையே சொல்வான்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு மதியம், உடைமாற்றும் அறையில் அவன் ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது ஸ்கிப் வந்து எதிரே நின்றார்.

"அதைக் கீழ வை. பையை எடு. ஆறு மணிக்கு விமானம்."

"எங்க ஸ்கிப்?"

"எங்கன்னா கேக்கற? என் மாமியார் வீட்டுக்கு! கெஸ்லர் சுவத்துல மோதித் தோளைக் கழட்டிக்கிட்டானாம். மேல கூப்பிடறாங்க." அவர் விதையைத் துப்பினார். "போப்பா. போய் எனக்காகவும் ரெண்டு அடி."

ஏழு வருஷம் கழித்து மேலே போனான். ரெனிட்டா இரண்டு விமானம் மாறி வந்து மூன்றாம் அடுக்கில் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்பது நாள் அங்கே இருந்தான். இரண்டு ஆட்டத்தில் முதலிலிருந்தே ஆடினான், மற்றவற்றில் இடையில் இறங்கினான். பதினொரு தடவை மட்டை பிடித்தான். ஒரு தடவை பிட்சர் நாலு பந்தைத் தவறாக எறிந்ததால் முதல் பேஸுக்கு நடந்து போனான், ஒரு தடவை ஸ்ட்ரைக் அவுட். மீதி ஒன்பது பந்தும் களத்துக்குள் அடித்தவை.

முதல் பந்து மின்னல் மாதிரி இடப்பக்கம் போனது. மூன்றாம் பேஸ்காரன் பாய்ந்து மண்ணில் புரண்டு எழுந்தபோது கையுறைக்குள் பந்து இருந்தது. இரண்டாவது, நேராகப் பிட்சரின் முழங்காலில் பட்டுத் தெறித்து, முதல் பேஸ்காரனின் மார்புக்கு நேரே போய்ச் சேர்ந்தது. அவன் ஓரடிகூட நகரவில்லை. ஒன்றை வேலியில் ஏறிப் பிடித்தார்கள். ஒன்று பேஸ்மேல் விழுந்து, எங்கோ போக வேண்டியது நடுவரின் காலில் மோதி இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்கிற ஷார்ட்ஸ்டாப்பிடம் போனது. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது, எட்டாவது எல்லாம் நன்றாக அடித்தவை. எல்லாம் யாராவது ஒருவன் கையில். கடைசியில், ஒன்பதாம் நாள், பிட்சர் உட்பக்கமாக எறிந்த பந்தில் மட்டை முறிந்தது. கையில் பிடி மட்டும் மிச்சம். பந்து நோஞ்சான் போல எழும்பி, ஓடிவந்த மூன்று பேருக்கும் நடுவே தொப்பென்று விழுந்தது. அது ஹிட். அவன் வாழ்நாளில் அடித்த அடிகளிலேயே நிஜமாக அதிர்ஷ்டத்தால் வந்த அடி அது ஒன்றுதான். பெரிய அணியில் அவனுக்குக் கிடைத்த ஒரே ஹிட்டும் அதுதான்.

ஒன்பதுக்கு ஒன்று. ஆயிரத்துக்கு நூற்றுப் பதினொன்று.

மறுநாள் காலை திரும்ப அனுப்பிவிட்டார்கள். அக்டோபரில் வீட்டுக்கே போன் வந்தது. இனி ஒப்பந்தம் இல்லை என்றார்கள். பேசியது ப்ரெஸ்டன்கூட இல்லை, அவனுக்குக் கீழே இருந்த யாரோ.

"மேல வந்து நிக்கலை, கோர்டெல். தப்பா எடுத்துக்காதீங்க."

"ஒன்பது பந்து" என்றான் கோர்டெல்.

"என்ன?"

"ரெண்டாயிரம் பந்து அடிச்சப்போ அதை நம்ப முடியாது, அதிர்ஷ்டம்னீங்க. இப்ப ஒன்பது பந்தைப் பாத்து நம்பிட்டீங்களா? இது ஏறும்னு சொல்ல உங்ககிட்ட ஒரு ஆள்கூடவா இல்லை? கெஸ்லருக்குச் சொன்னீங்களே!"

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "உங்க எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்" என்றான் அவன்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம், பெரிய அணிகளோடு சம்பந்தமில்லாத தனி அணிகளில், டெக்சஸிலும் வடக்கு டகோட்டாவிலும் ஆடினான். அங்கேயும் முந்நூற்று அறுபதுக்குக் கீழே வரவில்லை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜூலையில், சாதாரணமாகத் தரையில் உருள அடித்த ஒரு பந்துக்கு முதல் பேஸைப் பார்த்து ஓடும்போது பின்தொடைச் சதை கிழிந்தது. கடைசி நாலடியைத் தாவி விழுந்தே கடந்தான். பந்து வந்து சேர்வதற்கு முன்னால் அவன் கை பேஸ்மேல் இருந்தது. அவுட் இல்லை என்று நடுவர் இரண்டு கையையும் விரித்தார். அங்கிருந்து அவனைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அதோடு ஆட்டம் முடிந்தது.

டன்லீக்குத் திரும்பிக் கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தின் சாலைப் பிரிவில் சேர்ந்தான். மண்சாலைகளைச் சமன்படுத்தும் கிரேடர் வண்டி ஓட்டுகிறான். நல்ல வேலைக்காரன் என்று பெயர். அவன் போன சாலையில் தண்ணீர் தேங்காது.

சில வருஷம் கழித்து ஒரு பெண் போன் செய்தாள். நெல் ஃபர்ஸ்ட் என்று பெயர் சொன்னாள். பேஸ்பால் எண்களைப் பற்றி எழுதுகிற ஒரு இணைய இதழில் வேலை. இனிமையான குரல்.

"மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், உங்களைப் பத்தி ஒரு கட்டுரை எழுதறேன். உங்க ஒன்பது பந்தோட பழைய வீடியோ பூரா பாத்தேன். அதுல குறைஞ்சது அஞ்சு பந்து ஹிட் ஆகியிருக்கணும். பெரிய அணிகள்ல ஆடினவங்கள்லயே ரொம்பத் துரதிர்ஷ்டசாலி நீங்கதான்னு நெனக்கிறேன்."

ரெனிட்டா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். கோர்டெலின் தாடை இறுகியதைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்கோங்க. ஏழு வருஷம் என்னை அதிர்ஷ்டக்காரன்னாங்க. நான் அதிர்ஷ்டக்காரன் இல்லை. இப்ப நீங்க வந்து துரதிர்ஷ்டசாலிங்கறீங்க. அதுவும் இல்லை. அந்த ஒன்பது பந்துக்கு அப்புறம் பத்தாவது பந்தை அடிக்க விடாம ஒருத்தன் அனுப்பி வெச்சான். அது வானத்துலேர்ந்து விழலை. ஒரு மேஜைக்குப் பின்னால உக்காந்து எடுத்த முடிவு. அதை எழுதுங்க."

"கண்டிப்பா எழுதறேன்" என்றாள் அவள். ஒரு மணிநேரம் பேசினான். ப்ரெஸ்டனின் அறையில் நடந்ததை வரிக்கு வரி சொன்னான். ரெனிட்டாவின் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பினான்.

கட்டுரை வந்தது. அவனுடைய படம் பெரிதாக இருந்தது. மேலே, "பேஸ்பாலின் மகா துரதிர்ஷ்டசாலி" என்று தலைப்பு. பிட்சரின் முழங்காலில் பட்ட பந்தைப் பற்றி மூன்று பத்தி. மேஜையைப் பற்றி ஒரு வரி இல்லை. கோர்டெல் போன் செய்தான். தலைப்பை ஆசிரியர் வைத்ததாகவும், அலுவலகத்தில் நடந்த பேச்சுக்குச் சாட்சி இல்லாததால் எடுத்துவிட்டதாகவும் அந்தப் பெண் சொன்னாள். அவள் குரலில் நிஜமாகவே சங்கடம் இருந்தது. சங்கடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அன்று மாலையே அவன் சொல்லச் சொல்ல ரெனிட்டா ஒரு கடிதம் தட்டச்சு செய்தாள். இரண்டு பக்கம். ஒருவனுடைய உழைப்புக்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைப்பது திருட்டு என்றும், அவனுக்குச் செய்த அநியாயத்துக்குத் துரதிர்ஷ்டம் என்று பெயர் வைப்பது அந்தத் திருட்டுக்கு ரசீது கிழித்துக் கொடுப்பது என்றும் அதில் இருந்தது. இரண்டாவது வாக்கியம் ரெனிட்டாவுடையது. இதழ்க்காரர்கள் அதில் நாலு வரியைக் கட்டுரைக்கடியில் போட்டார்கள். இரண்டாயிரத்து நூற்று எண்பத்துநான்கு என்ற எண் அதில் இருந்தது. அந்த மட்டிலும் சரி என்றாள் ரெனிட்டா. சரியில்லை என்றான் அவன்.

அடுத்த நாள் மாவட்ட எல்லைக்கருகே ஒரு மண்சாலையில் வேலை. மேஸ்திரி ஹாய்ட் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார். அறுபது வயது மனிதர், யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர்.

"என்னப்பா கோர்டெல், உன்னைப் பத்தி என்னமோ வந்திருக்காமே? என் மக காட்டினா. பாவம், ரொம்பத் துரதிர்ஷ்டம் பிடிச்சவனாமே நீ?"

கோர்டெல் எஞ்சினை நிறுத்தினான். வண்டியிலிருந்து இறங்கி வந்தான். சாலையோரத்தில் கிடந்த குச்சி ஒன்றை எடுத்து, அப்போதுதான் சமன்படுத்திய மண்ணில் பெரிதாக மைதானம் வரைந்தான். நாலு பேஸையும் குறித்தான். ஒன்பது ஆட்டக்காரரையும் கூழாங்கல்லால் நிறுத்தினான்.

"இங்க பாருங்க ஹாய்ட். மொதல் பந்து..."

மூன்றாவது பந்துக்கு வரும்போது சோயா ஏற்றிய லாரி ஒன்று வந்து பின்னால் நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடித்தான். ஹாய்ட் கையைக் காட்டி இரு என்றார். ஐந்தாவது பந்தில் ஓட்டுநர் இறங்கியே வந்துவிட்டான்.

"என்னய்யா, ரோட்டை மறிச்சுக்கிட்டுக் கோலம் போட்டுட்டிருக்கீங்க?"

"சும்மா இருப்பா, சொல்லி முடிக்கட்டும்" என்றார் ஹாய்ட்.

ஓட்டுநர் குனிந்து கற்களைப் பார்த்தான். இடப்பக்கம் இருந்த ஒரு கல்லைக் காலால் காட்டினான். "மூணாவது பேஸ்காரன் எதுக்கு இவ்வளவு உள்ள வந்து நிக்கிறான்?"

"அதைக் கேளு!" என்றான் கோர்டெல். குரல் வயல்வரைக்கும் கேட்டது. இன்னும் நாலு பந்து பாக்கி இருந்தது. அவன் ஒன்றைக்கூட விடுவதாக இல்லை.